கண் மூடியிருந்த சாட்சி

என் தம்பியின் வலது கையை மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்து நொறுக்கியபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். அடித்தவர்கள் அவர்மேல் ரத்தம் தெறித்துவிடக் கூடாது என்று என் தம்பியைக் காலைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி இழுத்துப்போட்டு அடித்தார்கள். அவருக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. அலங்காநல்லூருக்குத் தெற்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர் நன்செயில் முக்கால்வாசி ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தைப் பெரிய வீடு என்போம். எங்கள் தெரு ஆட்கள் எல்லாரும் பெரிய வீட்டு வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். என் மாமனார் அந்த வீட்டைக் கடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். எடுக்க மறந்த ஒரு நாள் அவரைப் புளிய மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அதை நின்று பார்த்த மகன்தான் என் வீட்டுக்காரர். எப்படியோ படித்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்று போட்ட கூரைப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்தார். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

மதுரையில் வாத்தியார் பயிற்சிக்குப் படித்த காலத்தில் யாரோ ஒருவர் யோக சாஸ்திரம் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வந்த பிறகு, விடிந்ததும் கால்வாய்க் கரைக்குப் போய், வயலுக்குத் தண்ணீர் பிரியும் மடைக்குப் பக்கத்தில் மருத மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் வீட்டுக்குள் உட்காருவார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கை வேறு நீண்டுவிடும். தெருவில் என்னிடம் அடி வாங்காத ஆண்பிள்ளைகள் குறைவு. கல்யாணமான புதிதில் என்னைத் திருத்திவிடலாம் என்று அவருக்கு ஒரு ஆசை இருந்தது.

"எண்ணம் வரும். வந்தா வரட்டும், போனாப் போகட்டும். நீ கரையில நிக்கிற ஆளு, தண்ணிக்குள்ள எறங்காத. வெறும் சாட்சியா இருந்து பாரு, அம்புட்டுதான்" என்பார்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் நான் திட்ட மறந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். அதில் என் மாமனாரை மரத்தில் கட்டியவர்களும் இருந்தார்கள். கண்ணைத் திறந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. "இது எனக்கு ஆகாதுங்க, உள்ள கெடக்கிறதெல்லாம் எந்திரிச்சு வருது" என்று எழுந்துவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அவருக்கு மட்டும் என்ன ஆனது? மழை நாளில் வீட்டுக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பவர், கண்ணைத் திறக்காமலே, "ஏ புள்ள, உலை பொங்குது பாரு" என்பார். அவருடைய மனசு எங்கே அடங்கியது என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாமல் யாரும் ஞானியாகிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கூரையடியில் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுவார். "சித்த விருத்தி அடங்க வேண்டும்" என்பதுதான் பேச்சின் சாரம். சித்தத்தில் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும் எண்ணங்களுக்கு சாஸ்திரத்தில் விருத்தி என்று பெயராம். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த விருத்தி வேறு. ஆடு மாடு விருத்தி, வம்ச விருத்தி. 'சித்த' என்பதை அவர்கள் சித்தர் என்று எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் சித்தர்கள் சொன்ன விருத்திக்கு வழி சொல்கிறார் என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பேச்சுப் பரவிவிட்டது. பிள்ளையில்லாத பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வரத் தொடங்கினார்கள். அவர் விருத்தியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் விருத்தி வேண்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய வீட்டு மருமகளே கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததே எங்களுக்கு அதிசயம். நாலைந்து வெள்ளி வந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரிய வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் கால் வைத்திராத எங்கள் தெருவுக்கு வந்து, என் வீட்டுக்காரரை "சாமி" என்று கும்பிட்டார். நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு நின்று ஆத்திரம் வந்துவிட்டது.

"நிறுத்தச் சொல்ற ஆளுகிட்ட வந்து விருத்தி கேக்குறாக. அது வேற இது வேறன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தியா?" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். மறுநாள் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே பெரிய வீட்டைக் கடந்து போனார். கணக்குப்பிள்ளை எழுந்து நின்றான். அதைப் பார்த்த பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் விருத்தி கொடுத்தவர் வீட்டில் மட்டும் தொட்டில் ஆடவில்லை. வருகிற பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக அவர்கள் கண்ணைத் தோண்டலாமா என்றிருக்கும். துண்டை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

என் தம்பி எங்கள் ஆட்களிலேயே முதன்முதலாகச் சொந்தமாக ஒரு துண்டு வயல் வாங்கியவன். வயல் இருந்தது பெரிய வீட்டு நிலத்துக்கு நடுவில். கால்வாய்த் தண்ணீரில் அவனுக்கும் ஒரு முறை உண்டு என்று ஊர்ப் பெரியவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவன் முறை வரும் நாளில் மடை அடைபட்டிருக்கும். இரண்டு முறை பொறுத்தான். நாற்று சுருண்டு மஞ்சளாகத் தொடங்கியதும் அவனே விடியற்காலையில் போய் மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டான். பெரிய வீட்டு ஆட்கள் இருவர் வந்தார்கள். அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார்கள்.

நான் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தார்கள், ஓடக்கூட இல்லை. தம்பி வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தான். தண்ணீர் சிவந்து அவன் வயலுக்குள்ளேயே பாய்ந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினேன், மணிக்கட்டு தனியாகத் தொங்கியது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு காது பாதி அறுந்திருந்தது. நான் கல்லை எடுத்து, போகிறவர்களைக் குறிபார்த்து எறிந்தேன். ஒன்று ஒருவன் பிடரியில் பட்டது. இன்னும் பெரிய கல்லாகக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

திரும்பிப் பார்த்தால் மருத மரத்தடியில் அவர். கண் மூடித்தான் இருந்தது.

"எந்திரிங்க!" என்று கத்தினேன். அப்புறந்தான் கண்ணைத் திறந்தார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

தம்பியை வண்டியில் போட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையை வெட்டாமல் விட்டார்கள். ஆனால் அது அதற்குப் பிறகு எதையும் பிடிக்கவில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தோம். அதற்குப் பதில் மறுநாள் பட்டப்பகலில் வந்தது. தம்பியின் வைக்கோல் படப்பு பற்றி எரிந்தது; பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றோடு வெந்து செத்தது. தெருவில் ஒருவர்கூட தண்ணீர்க் குடத்தோடு வரவில்லை. பயம்.

ஏட்டு விசாரிக்க வந்தார். கரையில் யார் யார் இருந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடியே, "நான் எதுலயும் எறங்கலைங்க. நான் வெறும் சாட்சி" என்றார்.

அவர் சாஸ்திரத்தில் சொல்கிற சாட்சியைச் சொன்னார். கரையில் நிற்கிற, தண்ணீரில் இறங்காத சாட்சி. ஏட்டுக்கு அது எங்கே தெரியும்? இந்த ஊரில் பெரிய வீட்டுக்கு எதிராக ஒரு ஆள் தானாகவே தன்னைச் சாட்சி என்று சொல்லிக்கொண்டதை அவர் அதுவரை கேட்டதில்லை. "அப்படிச் சொல்லுங்க வாத்தியாரே, அதானே வேணும்!" என்று எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். நான் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் மறுபடி திறக்கவில்லை.

சம்மன் வந்தது. அரசாங்கத்து வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அடிபட்டவன் பேச்சு மட்டும் நிற்காது, நான் பார்த்தது முதுகைத்தான், வாத்தியார் சொன்னால்தான் கேஸ். இல்லாவிட்டால் தம்பி தானே விழுந்து கையை ஒடித்துக்கொண்டு பெரிய வீட்டின்மேல் பழி போடுகிறான் என்று ஆகிவிடும். பிறகு அவன் அந்த ஊரில் உயிரோடு இருக்க முடியாது.

பெரிய வீட்டுக்காரரும் வந்தார். பழத்தட்டோடு வந்தார். மிரட்டவில்லை.

"சாமி நிஷ்டையில இருந்தீக. நிஷ்டையில இருக்கிறவுகளுக்கு வெளி உலகம் ஏது? அதை மட்டும் கோர்ட்டுல சொன்னாப் போதும், பொய்யே சொல்ல வேணாம்" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை. பழத்தைத் தட்டோடு எடுத்துக் குப்பைக்குழியில் கொட்டினேன்.

அதன் பிறகு அவர் மடைக்கரைக்குப் போகவில்லை. மழையில்லாத நாளிலும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தார். நான் பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். தம்பி கட்டுப்போட்ட கையோடு வாசலில் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் காலையில் நான் நெல் குத்திக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, உலக்கையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"வலது கையைத் தரையில வைங்க. என் தம்பி கை மாதிரி உடைக்கப் போறேன். வலிக்கிறது ஒரு எண்ணந்தானே? வந்துட்டுப் போகட்டும்."

அவர் அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஆனால் கையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓங்கிப் போட்டேன். உலக்கை இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் கை விலகிவிட்டது. தரை குழிந்து மண் தெறித்தது.

"கண்ணு மூடியிருக்கு. கை எப்படிங்க வெலகுச்சு?"

அவர் எழுந்து என்னை அறைந்தார். அதுவரை என்மேல் கை வைத்ததில்லை. என் உதடு கிழிந்தது. நானும் விடவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினேன். அவர் என் கூந்தலைப் பிடித்தார். உரல் கவிழ்ந்து நெல் சிதறியது. இரண்டு பேரும் நெல்லின்மேல் விழுந்து புரண்டு, மிருகங்கள்போல் அடித்துக்கொண்டோம். வாசலில் தெரு கூடிவிட்டது. சாமி வீட்டுக்குள் சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். நான் கதவை உதைத்துச் சாத்தினேன்.

பிறகு அவர் சுவரில் சாய்ந்து அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் பாத்தேன். கண்ண முழுசா மூடவே இல்ல. நான் கண்ணத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க நிறுத்தியிருப்பாங்க. சாமி சொல்லிட்டாருன்னு நிறுத்தியிருப்பாங்க."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

"நிறுத்தலேன்னா?" என்றார். "நான் சொல்லியும் அடிச்சாங்கன்னா, அப்ப நான் யாருடி? எங்கப்பனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவர்மேல் எனக்கு இரக்கமாகவும் இருந்தது, கொன்றுபோடலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கோர்ட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

கேஸ் அன்றைக்கு நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் வைகைப் பாலத்தைத் தாண்டி மதுரைக்குப் போனோம். அவர் துண்டைத் தோளில் போட்டிருந்தார். கோர்ட்டில் எங்கள் ஊரே இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் முழுவதும் வந்திருந்தது. பெரிய வீட்டு மருமகள்கூட குழந்தையோடு வராந்தாவில் நின்றாள். அடித்த இருவரும் கூண்டில் நின்றார்கள். அடிக்கச் சொன்னவர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தார். யார் அடித்தது என்று அரசாங்கத்து வக்கீல் கேட்டார். அவர் கண்ணை மூடினார். போச்சு, மறுபடியும் மூடிக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் திறந்துவிட்டார். கூண்டிலிருந்த இருவரையும் கை நீட்டிக் காட்டினார். யார் மண்வெட்டியைப் பிடுங்கியது, யார் முழங்காலால் அமுக்கிப் பிடித்தது, எத்தனையாவது அடியில் எலும்பு முறியும் சத்தம் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, என் தம்பி கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"உம்மை ஊர்ல யோகின்னு சொல்றாங்களே, நெசந்தானா?"

"சொல்றாங்க."

"அன்னைக்கு நீர் நிஷ்டையில இருந்தீரா, இல்லையா? மனசு அடங்கி நிஷ்டையில இருந்திருந்தா எதையும் பார்த்திருக்க முடியாது. பார்த்தேன்னு சொன்னா நிஷ்டை பொய். ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்."

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

"நிஷ்டை பொய்ங்க, எசமான். என் மனசு ஒரு நாளும் அடங்கினதில்ல."

"அப்போ இத்தனை வருஷமா இந்த சனங்களை ஏமாத்திக்கிட்டு இருந்தீரா?"

"ஆமா" என்றார்.

பின்னால் ஒருவர் தூ என்று துப்பினார். வக்கீல் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இதையெல்லாம் நீரே கட்டிச் சொல்றீர். கண்ணை மூடிக்கிட்டு இருந்தவருக்கு யார் என்னன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"அவன் என்னைத்தான் கூப்பிட்டான், எசமான். 'மச்சான், கண்ணத் தொறங்க, மச்சான், கண்ணத் தொறங்க'ன்னு கூப்பிட்டான். கை ஒடியிற வரைக்கும் கூப்பிட்டான். ஒடிஞ்சப்புறம் கூப்பிடல."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு தீர்ப்பு வந்தது. அடித்தவர்கள் இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். அடிக்கச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாட்சி சொன்ன அன்றைக்கு நாங்கள் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது எங்கள் ஊர் ஆட்களே, என் வீட்டுக்காரர் காலில் விழுந்தவர்களே, அவர் சட்டையைக் கிழித்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மண்ணை வாரி எறிந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நான் மாட்டுச் சாட்டையைப் பிடுங்கி நாலு பேரை விளாசிய பிறகுதான் வழி கிடைத்தது. அவர் வண்டியில் ஏற மாட்டேன் என்றார். வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார்.

பாலத்தில் ஏறும்போது தம்பியைக் கேட்டேன்.

"இம்புட்டு நாளும் கூடவே இருந்தேனேடா. அவரக் கூப்பிட்டேன்னு எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவன் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"சொல்லியிருந்தா நீ அவரோட இருந்திருப்பியாக்கா?"

இருந்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். வண்டிக்குப் பின்னால் கிழிந்த சட்டையோடு நடந்துவந்த அவருக்கும் தெரியும்.